வாதியும் பிரதிவாதியும் களத்தில்

அன்புள்ள ஐயா,

பழைய இங்கிலாந்தில் வழக்கைச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டது பற்றிச் சென்ற வாரம் எழுதினீர்கள். அதில் 1890இல் வந்த ஒரு நூலை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அது எங்கே கிடைக்கும்? பலசாலிதான் ஜெயிப்பான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தக் காட்டுமிராண்டித்தனத்தை நீதி என்று எப்படி நம்பினார்கள்?

சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

அன்புள்ள தம்பி,

ஜார்ஜ் நீல்சன் எழுதிய ‘டிரயல் பை காம்பட்’ அது. கிளாஸ்கோவில் அச்சானது, நீல்சனும் அந்த ஊர் வழக்கறிஞர்தான். முதல் பதிப்பு அரிது, விலையும் நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் இணையத்தில் ஸ்கேன் செய்த பிரதி இலவசமாகவே இருக்கிறது. நான் படித்ததும் அதைத்தான்.

காட்டுமிராண்டித்தனம் என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் படியுங்கள். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பிரான்சின் தென்கிழக்குப் பகுதியை ஆண்ட பர்கண்டி அரசர் குண்டோபாத் இதைச் சட்டமாக எழுதியபோது சொன்ன காரணம், பொய்ச் சத்தியம். சத்தியம் செய்தாலே வழக்கிலிருந்து தப்பிவிடலாம் என்றிருந்த காலம். ஜனங்கள் கூசாமல் பொய்ச் சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்கிறவன் அதற்கு உயிரைப் பணயம் வைக்கட்டும், கடவுள் நியாயத்தின் பக்கம் நிற்பார் என்பதுதான் ஏற்பாடு.

நீல்சன் செய்த பெரிய காரியம், சட்டத்தின் சண்டையையும் வீரமரபின் சண்டையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. குதிரை, ஈட்டி, கவசம் எல்லாம் பிரபுக்களுடையது. சாதாரண ஜனங்களின் சண்டையில் தடியும் தோல் கேடயமும்தான். நிலத் தகராறு என்றால் வாதிக்கும் பிரதிவாதிக்கும் பதிலாக வேறு ஆட்கள் இறங்குவார்கள். வானத்தில் நட்சத்திரம் தெரியும்வரை பிரதிவாதியின் ஆள் தாக்குப்பிடித்தால் நிலம் பிரதிவாதிக்கு. கூலிக்குச் சண்டை போடவே ஆட்கள் கிடைத்தார்கள். உங்கள் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்கும் இந்த இடத்தில்தான் வருகிறது. காசுள்ளவன் நல்ல ஆளாகப் பிடித்துக்கொள்ளலாமே.

13ஆம் நூற்றாண்டு நீதிமன்றச் சுருள் ஒன்றில் எழுத்தர் வரைந்துவைத்த சின்னப் படம் ஒன்று உண்டு. இப்போது லண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வால்டர் புளோபெர்ம் என்ற திருடன் அப்ரூவராக மாறி, துணி திருடியதில் ஹாமோ லெ ஸ்டேருக்கும் பங்கு உண்டு என்கிறான். ஹாமோ மறுக்கிறான். சரி, சண்டை போடுங்கள் என்றாகிறது. படத்தில் இருவர் கையிலும் சதுரக் கேடயம், இரண்டு பக்கமும் கூரான கொத்துக்கோல். பின்னால் ஒரு தூக்குமரம். அதில் தொங்குவதும் ஹாமோதான். சண்டையும் தண்டனையும் ஒரே படத்தில். கேவலம் துணித் திருட்டு வழக்கு. அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நம்பிக்கை போன பிறகும் சட்டம் போகவில்லை. 1817 மே மாதம் பர்மிங்காம் அருகே எர்டிங்டனில் மேரி ஆஷ்ஃபோர்ட் என்ற 20 வயதுப் பெண் தண்ணீர்க் குழியில் பிணமாகக் கிடந்தாள். ஆபிரகாம் தார்ன்டன் என்ற கொத்தனார் மீது வழக்கு. ஜூரி விடுதலை செய்துவிட்டது. அப்புறம் மேரியின் அண்ணன் வில்லியம், நெருங்கிய உறவினருக்கு இருந்த பழைய உரிமையை வைத்து மறுபடியும் கொலைக் குற்றம் சாட்டினார். தார்ன்டன் நீதிமன்றத்திலேயே, சண்டைக்கு அழைக்கும் அடையாளமாகக் கையுறையைக் கழற்றி வீசி, ‘நான் குற்றவாளி இல்லை, என் உடலால் அதை நிரூபிக்கத் தயார்’ என்றார். வில்லியமோ மெலிந்த உடம்புக்காரர். நீதிபதி எல்லன்பரோ பிரபு, சட்டம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் சொல்ல வேண்டும், நாம் விரும்புகிறபடி அல்ல என்று தார்ன்டன் பக்கம் தீர்த்தார். வில்லியம் களத்தில் இறங்கவில்லை. 1818 ஏப்ரலில் தார்ன்டன் விடுதலையானார்.

அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. கூடவே, வில்லியம் பயன்படுத்திய அந்தக் குடும்ப உரிமையும் போய்விட்டது. சண்டை ஒழிந்ததைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், இதை யாரும் நின்று பேசுவதில்லை. நீங்கள் சட்டம் படிக்கிறவர். அந்த 1819ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நம் நீதிமன்றங்களில் இன்று என்ன இடம் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.