பூட்டிய வீடும் டிரஸ்ட் பத்திரமும்

கேள்வி: எங்கள் பக்கத்து வீடு ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரத் தாத்தா பேரப்பிள்ளைகளுக்காக டிரஸ்ட் எழுதி, இரண்டு மகன்களையும் அதை நிர்வகிக்கும் டிரஸ்டி ஆக்கிவிட்டுக் காலமானார். இப்போது மூத்தவர், "தம்பி பெங்களூரில் இருக்கிறான், அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்" என்று வீட்டை எங்களுக்கு விற்க இரண்டு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, வேலப்பாடி, வேலூர்

பதில்: இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. முதலில் டிரஸ்ட் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். வீட்டை விற்க டிரஸ்டிகளுக்கு அதிகாரம் உண்டா என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால், பேரப்பிள்ளைகள் எல்லோரும் மேஜராகி ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஒரு மைனர் இருந்தாலும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதுதான்.

"தம்பி ஒன்றும் சொல்ல மாட்டான்" என்ற பேச்சுக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். 1882-ஆம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டம், 48-ஆம் பிரிவில், பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்கிறது. தம்பி பவர் கொடுத்துவிட்டார் என்றாலும் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். டிரஸ்டி தன் பொறுப்பை இன்னொருவர் தலையில் வைப்பதை 47-ஆம் பிரிவு சில விதிவிலக்குகளோடுதான் அனுமதிக்கிறது. வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர் இப்படி அண்ணன் கையெழுத்தை மட்டும் நம்பி வாங்கினார். கிரகப்பிரவேசத்துக்கு வாழைமரம் கட்டிய அன்றே தம்பியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது. பழைய பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம், 1989-இல் மாவட்டம் பிரிவதற்கு முன்பு அப்படித்தான் எழுதினார்கள். கோயில் தர்மத்துக்கு என்று ஒரு வரி தென்பட்டால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி வேண்டியிருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால், இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டு, டிரஸ்ட் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் போடுங்கள். அண்ணன் கணக்கில் வேண்டாம். அதற்கு முன் சாவி வாங்கி ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள், பின்கட்டுவரை. பூட்டிய வீடு என்றுதான் சொல்வார்கள். பின்வாசலில் யாராவது துணி காயப்போட்டிருந்தால், அவர் எந்த உரிமையில் இருக்கிறார் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.