பொங்கி வழியும் பாட்டிலோடு ஹோம்ப்ரூ கிளப்புக்குப் போகலாமா?

கேள்வி: சான் டியேகோவில் ஐடி வேலை, எச்-1பி விசா. பியர் தயாரிக்கும் கிட் ஒன்று வாங்கி வீட்டிலேயே ஐந்து கேலன் பேல் ஏல் என்ற பியர் வகையைப் போட்டேன். குடிக்கும்படிதான் இருக்கிறது. ஆனால் சில பாட்டில்கள் திறந்ததும் பொங்கி வழிகின்றன, லேசாக மருந்து வாடையும் வருகிறது. அலுவலக நண்பர் ஒருவர் இங்குள்ள ஹோம்ப்ரூ கிளப்பில், அதாவது வீட்டில் பியர் போடுகிறவர்களின் சங்கத்தில், உறுப்பினர். மாதக் கூட்டத்துக்கு என் பியரை எடுத்துவரச் சொல்கிறார். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை மூன்று ப்ரூவரிகளை (பியர் தயாரித்து விற்கும் இடங்களை) சுற்றிவரக் கிளப் கிளம்புகிறதாம், அதற்கும் கூப்பிடுகிறார். இந்த பியரைக் கொண்டுபோனால் மானம் போய்விடாதா? சுவை பார்ப்பதற்கு முறை ஏதும் உண்டா? மனைவி குடிப்பதில்லை, இருவரும் சைவம். அடுத்த வருடம் சென்னைக்குத் திரும்பும் யோசனையும் இருக்கிறது. சாமான்களை எடுத்துவரலாமா?

பதில்: தாராளமாகக் கொண்டுபோங்கள். பொங்குகிற பாட்டிலையே கொண்டுபோங்கள். ஓசியில் கிடைக்கும் பியரை நண்பர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குறையைக் கண்டுபிடித்து, அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லத் தெரிந்தவர்கள் கிளப்பில்தான் இருப்பார்கள். நன்றாக வந்த பியரை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

முதலில் சட்டம். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் முடிந்தபோது வீட்டில் ஒயின் செய்ய இடம் கொடுத்தார்கள், பியர் விட்டுப்போனது. ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் வீட்டு பியருக்குக் கூட்டாட்சி அனுமதி கிடைத்தது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தின் மால்டோஸ் ஃபால்கன்ஸ் கிளப் 1974-லேயே தொடங்கிவிட்டது என்பது தனிக் கதை. கலிபோர்னியாவில் வீட்டு பியரைப் போட்டிக்கும் கிளப் கூட்டத்துக்கும் எடுத்துப்போகத் தடையில்லை. ஆனால் சனிக்கிழமை போகும் ப்ரூவரிக்குள் உங்கள் பாட்டிலைக் கேட்காமல் திறந்துவிடாதீர்கள். அவர்களுடைய உரிமம் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

இனி உங்கள் பாட்டிலுக்கு வருவோம். 'சில பாட்டில்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். துப்பே அதில்தான் இருக்கிறது.

எல்லாப் பாட்டிலும் பொங்கினால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்: வாயு ஏறுவதற்காகப் பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரை கூடிவிட்டது, அல்லது நொதித்தல் முடிவதற்கு முன்பே பாட்டிலில் அடைத்துவிட்டீர்கள். ஐந்து கேலன் பேல் ஏலுக்கு ஏறத்தாழ 110 முதல் 125 கிராம் கார்ன் சர்க்கரை போதும். நொதித்தல் முடிந்ததா என்று குமிழியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பியரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ராமீட்டர் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே அளவைக் காட்ட வேண்டும். சில பாட்டில் மட்டும் பொங்கினால் கதை வேறு. சர்க்கரைப் பாகு பியரோடு சரியாகக் கலக்காமல், கலக்காத காபியில் சர்க்கரை தங்குவதுபோல அடியில் தங்கியிருக்கலாம். இல்லையென்றால் அந்தப் பாட்டில்கள் சரியாகச் சுத்தமாகாமல் காட்டு ஈஸ்ட், அதாவது நீங்கள் போடாமல் தானாக வந்த ஈஸ்ட், குடியேறியிருக்கலாம்.

இதில் மருந்து வாடையையும் சேர்த்துப் பாருங்கள். பொங்கும் பாட்டிலில் மட்டும் வாடை வந்தால் என் சந்தேகம் காட்டு ஈஸ்ட் மேல்தான். பிளாஸ்திரி, கிராம்புத் தைலம் மாதிரியான பீனால் வாடையைக் கிளப்புவது அதன் வேலை. சாதாரண ஈஸ்ட் விட்டுவைக்கும் சர்க்கரையையும் அது தின்றுதீர்ப்பதால் வாயு நாளுக்கு நாள் ஏறும். பாட்டில் கழுத்தில், பியர் மட்டத்தை ஒட்டி உள்பக்கமாக மெல்லிய வெள்ளை வளையம் தெரிகிறதா என்று விளக்கில் பிடித்துப் பாருங்கள். இருந்தால் கிட்டத்தட்ட உறுதி.

எல்லாப் பாட்டிலிலும் ஒரே வாடை என்றால் தண்ணீரைப் பாருங்கள். சான் டியேகோ நகராட்சி குடிநீரில் குளோரமின் போடுகிறது. மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய தானியத்தில்) உள்ள பீனால்களோடு அது சேர்ந்தால் ஆஸ்பத்திரி வாடைதான். குளோரின் கொதியில் போய்விடும், குளோரமின் அவ்வளவு லேசில் போகாது. ஹோம்ப்ரூ கடையில் காம்ப்டன் மாத்திரை கேளுங்கள். ஒரு மாத்திரை 20 கேலன் தண்ணீருக்குப் போதும், உங்கள் ஐந்து கேலனுக்குக் கால் மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் சரி. பாட்டிலை ப்ளீச் போட்டுக் கழுவியிருந்தாலும் இதே வாடை வரும்.

ஆக, கிளப்புக்கு இரண்டு பாட்டில் எடுத்துப்போங்கள்: வளையம் தெரியும் ஒன்று, தெரியாத ஒன்று. அடுத்தடுத்து ஊற்றிக் கொடுத்து 'இரண்டும் ஒரே பேட்ச், என்ன வித்தியாசம்?' என்று மட்டும் கேளுங்கள். மூடியில் வகை, போட்ட தேதி, அடைத்த தேதி எழுதி ஒட்டுங்கள். செய்முறையும் கைவசம் இருக்கட்டும். 'நன்றாக வரவில்லை, மன்னியுங்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் ஒன்றைச் சொல்லிவிட்டால் குடிப்பவர் நாக்கு அதையேதான் தேடும். நான் நடுவராக உட்காரும் மேசைகளில் பியர் யாருடையது என்றே சொல்லாமல் தருவதும் இதற்காகத்தான்.

எச்சரிக்கை ஒன்று: பொங்கும் பாட்டில் வெடிக்கவும் செய்யும். மீதியை உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள். ஐஸ் போட்ட கூலர் பெட்டியில், துண்டு சுற்றிக் கொண்டுபோங்கள்.

கூட்டம் என்றால் வட்டமாக உட்கார்ந்து குடிப்பது மட்டும் என்று நினைக்க வேண்டாம். மூட்டைக் கணக்கில் மால்ட் வாங்கிப் பிரித்துக்கொள்வார்கள். மே முதல் சனிக்கிழமை 'பிக் ப்ரூ' என்று நாடு முழுக்கக் கிளப்புகள் சேர்ந்து பியர் போடும். போர்பன் விஸ்கி ஊறிய 53 கேலன் பீப்பாய் ஒன்றை வாங்கி, பத்துப் பேர் தலைக்கு ஐந்து கேலன் ஸ்டவுட் என்ற கருப்பு பியர் போட்டு வந்து ஊற்றி மாதக்கணக்கில் ஊறவிடும் வழக்கமும் உண்டு. அதில் சேர உங்கள் பேட்ச் சுத்தமாக இருக்க வேண்டும். காட்டு ஈஸ்ட் உள்ள ஐந்து கேலன் போதும், மொத்தப் பீப்பாயும் போய்விடும். அந்தப் பாட்டில் விவகாரத்தை முதலில் தீர்த்துக்கொள்ளச் சொல்வது அதனாலும்தான்.

சுவை பார்க்கும் முறைக்குப் பியர் போட்டி நடுவர்களுக்குச் சான்று தரும் பிஜேசிபி அமைப்பின் மதிப்பெண் தாளே நல்ல வழிகாட்டி. மொத்தம் 50 மதிப்பெண்: சுவைக்கு 20, மணத்துக்கு 12, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. நிறம், தெளிவு, நுரை எல்லாம் சேர்ந்த தோற்றத்துக்கு வெறும் 3. புதிதாக வருகிறவர்கள் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து ஆராய்ந்துகொண்டே இருப்பார்கள், அதற்குள் மணம் பறந்துவிடும். ஊற்றியதும் முதல் வேலை மூக்குக்குத்தான். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். இரண்டு மூன்று குட்டி மூச்சு இழுங்கள், மனதில் பட்டதை எழுதுங்கள், அப்புறம் பாருங்கள், அப்புறம் குடியுங்கள். ஒயின்காரர்கள் மாதிரித் துப்ப வேண்டாம். விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சு விடும்போதுதான் பாதி விஷயம் தெரியும், கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் அப்போதுதான் புரியும். சில்லென்று உறைந்த பியரில் ஒன்றும் தெரியாது, உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுங்கள்.

எழுதும்போது புத்தக வார்த்தை தேட வேண்டாம். ஜெர்மன் கோதுமை பியரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், பெல்ஜிய விட்பியரில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். நம் வீட்டு மூக்குக்கு இவையெல்லாம் பழக்கம். குறைகளையும் அப்படியே பிடித்துவிடலாம். வெண்ணெய் அல்லது தியேட்டர் பாப்கார்ன் வாடை என்றால் டைஅசெட்டில், ஈஸ்ட் வேலையை முடிக்க விடாமல் அவசரப்பட்டிருக்கிறார்கள். பச்சை ஆப்பிள் என்றால் அசெட்டால்டிஹைட், அதுவும் இளம் பியரின் அடையாளம். வேகவைத்த சோளம் என்றால் மூடி போட்டுக் கொதிக்கவைத்திருக்கலாம். ஈர அட்டைப்பெட்டி என்றால் காற்று பட்டுப் பழசாகிவிட்டது. அன்றைக்கு வாசனைத் திரவியம் வேண்டாம், மிக்சரும் முறுக்கும் கையோடு வேண்டாம். இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும்.

சனிக்கிழமை சுற்றுக்கு உங்கள் ஊர் அருமையான ஊர். பாலஸ்ட் பாயிண்ட் என்ற ப்ரூவரியே 1992-இல் திறந்த ஹோம்ப்ரூ கடையின் பின்கட்டில், 1996-இல் தொடங்கியதுதான். 2015-இல் அதை நூறு கோடி டாலருக்கு விற்றார்கள். மிராமர் பகுதியின் ஏல்ஸ்மித்தை 2002-இல் வாங்கிய பீட்டர் சீன், வீட்டில் பியர் போட்டு, போட்டி நடுவராகி அங்கே வந்தவர். வைட் லேப்ஸ் என்ற ஈஸ்ட் நிறுவனமும் சான் டியேகோவில் பிறந்ததே. ஒரே வோர்ட்டை (இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றை) வெவ்வேறு ஈஸ்ட்டில் நொதிக்கவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிக்கக் கொடுத்தவர்கள் அவர்கள்.

அந்த யோசனையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று இடத்திலும் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்காமல், மூன்றிலும் பேல் ஏல் ஒன்றை முதலில் கேளுங்கள். நீங்கள் போட்டதும் அதுதானே. மூன்றும் எப்படி வேறுபடுகின்றன என்று தெரிந்தால் உங்கள் பேட்ச் எங்கே நிற்கிறது என்று விளங்கும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு: லேசானதிலிருந்து கனமானதுக்கு, கசப்பான ஐபிஏவும் கருப்பு ஸ்டவுட்டும் கடைசியில்.

'ஃப்ளைட்' என்று நான்கு குட்டி கிளாஸ்கள் கொடுப்பார்கள். குட்டி என்று ஏமாற வேண்டாம். நான்கு அவுன்ஸ் வீதம் நான்கு என்றால் 16 அவுன்ஸ், அதாவது ஒரு முழு பைன்ட். எல்லாம் 7 சதவீத ஐபிஏ என்றால் அமெரிக்கக் கணக்கில் (5 சதவீத பியர் 12 அவுன்ஸ் ஒரு டிரிங்க்) கிட்டத்தட்ட இரண்டு டிரிங்க். மூன்று ப்ரூவரியில் ஆளுக்கு ஒரு ஃப்ளைட் என்றால் ஐந்தரை தாண்டிவிடும். ஏல்ஸ்மித்தின் காபி போட்ட ஸ்பீட்வே ஸ்டவுட் 12 சதவீதம், அதில் நான்கு அவுன்ஸே ஒரு சாதாரண பியரில் முக்கால் பங்குக்கு மேல். இரண்டு பேர் ஒரு ஃப்ளைட்டைப் பகிர்ந்துகொள்ளுங்கள், கிளப் ஆட்கள் பலரும் அப்படித்தான் செய்வார்கள். மீதம் வைப்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

வண்டி விஷயத்தில் மட்டும் நான் கறார். கலிபோர்னியாவில் ஓட்டுபவர் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்பது பொது வரம்பு, ஆனால் தடுமாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். உங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, வழக்கு முடிவதற்கு முன்பே, விசாவை ரத்து செய்யும் வழக்கம் 2015 முதல் வெளியுறவுத் துறையிடம் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போனால் புதிய விசா, மருத்துவப் பரிசோதனை என்று அலைய வேண்டிவரும். கிளப் வேன் ஏற்பாடு செய்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஊபர். திறந்த பாட்டிலோ, ப்ரூவரியில் பியர் நிரப்பித் தரும் க்ரௌலர் என்ற பெரிய பாட்டிலோ கார் இருக்கைப் பக்கம் இருக்கக் கூடாது, டிக்கியில்தான் வைக்க வேண்டும்.

மனைவி விரும்பினால் கூட வரட்டும். 'நீ குடிக்கிறதில்லையே, ஓட்டேன்' என்று அவரை டிரைவராக்கவே அழைப்பதானால் அதை முன்கூட்டியே சொல்லிக் கேட்டுவிடுங்கள், வந்த இடத்தில் சாவியை நீட்டாதீர்கள். பல டேஸ்டிங் ரூம்களில் சமையலறை கிடையாது, வாசலில் வரும் உணவு வண்டிதான். அதில் சைவம் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. கிளம்பும் முன் தயிர்சாதம் சாப்பிட்டுவிடுவது உத்தமம். காலி வயிற்றில் போகவே கூடாது.

சைவம் என்றதும் இன்னொன்று. பியர் தெளிய மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசின்கிளாஸ் போடும் பழக்கம் உண்டு, குறிப்பாக பீப்பாயிலிருந்தே ஊற்றும் பிரிட்டிஷ் முறை காஸ்க் ஏல்களில். வீட்டில் செய்கிறவர்கள் ஜெலட்டின் போடுவார்கள். ஐரிஷ் மாஸ் என்பது கடற்பாசி, பாதகமில்லை. மில்க் ஸ்டவுட்டில் இருப்பது பால் சர்க்கரை. ஆய்ஸ்டர் ஸ்டவுட் என்றால் சில இடங்களில் நிஜமாகவே சிப்பி இருக்கும். 'எதைப் போட்டுத் தெளிய வைத்தீர்கள்?' என்று கேட்டால் கிளப்பில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சந்தோஷமாக அரைமணி நேரம் பேசுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கிளப் நடத்தும் போட்டியில் ஸ்டூவர்ட் வேலைக்குப் பெயர் கொடுங்கள். பாட்டிலை எடுத்து வந்து வைப்பது, தாளைச் சேகரிப்பது, அவ்வளவுதான். பியர் ஞானம் தேவையில்லை. நடுவர்கள் பக்கத்தில் நின்று அவர்கள் குடிப்பதையே கொஞ்சம் ருசித்து, அவர்கள் வாதாடுவதையும் கேட்கலாம். எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் இதில் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம்.

சென்னை விஷயம்: வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது, சொந்தக் குடிப்புக்கே ஆனாலும், குற்றம். சாமான்களைக் கிளம்பும் முன் கிளப்பிலேயே விற்றுவிடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் யாராவது நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வார்.