மின்தேவை ஏறுகிறது, முதன்மை எரிசக்தி இறங்குகிறது: மாதிரியில் பிழையா?

பிழை இல்லை. எதிர்கால எரிசக்தித் தேவையைக் கணிக்கும் உங்கள் கணினி மாதிரியில், 2050-இல் மின்தேவை இரட்டிப்பாவதும் மொத்த முதன்மை எரிசக்தி (மின்சாரம் போன்றவையாக மாற்றும் முன் நிலக்கரி, எண்ணெய், சூரிய ஒளி போன்ற மூலங்களிலிருந்து கணக்கிடும் எரிசக்தி) குறைவதும் ஒரே அட்டவணையில் சேர்ந்து வரலாம். எண்களைச் 'சரிசெய்ய' இறங்கிவிடாதீர்கள்.

பெரும்பாலும் காரணம் கணக்கிடும் முறை. நிலக்கரி நிலையத்தின் திறன் 37 சதவீதம் என்றால், 100 யூனிட் மின்சாரத்துக்கு 270 யூனிட் முதன்மை எரிசக்தி பதிவாகும். மீதி வெப்பமாக வெளியேறியது, ஆனாலும் கணக்கில் இருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் முறையில் சூரிய மின்சாரம் 100 யூனிட் என்றால் முதன்மை எரிசக்தியும் 100 தான். அணுமின்சாரத்துக்கு 33 சதவீதத் திறன் என்று வைத்துக்கொள்வார்கள். இதைக் கவனிக்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டுச் சண்டை போடுபவர்கள் ஏராளம். போதாக்குறைக்கு, மின்வாகனமும் வெப்ப விசையியக்கக் குழாயும் (heat pump, வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் மின்கருவி) அதே வேலையைக் குறைந்த எரிசக்தியில் முடிக்கின்றன.

சோதித்துப் பாருங்கள்: நீங்கள் ஒப்பிடும் இரண்டு எதிர்காலக் காட்சிகளிலும் (scenario) பயணக் கிலோமீட்டர், சூடாக்கும் தரைப்பரப்பு, எஃகு டன் ஆகியவற்றை மட்டும் தனியே எடுங்கள். அவை ஒன்றாக இருந்தால் வித்தியாசம் திறனிலும் கணக்கு முறையிலும்தான். கிலோமீட்டரே குறைந்திருந்தால் மக்களின் பழக்கம் மாறும் என்ற அனுமானம் உள்ளே ஒளிந்திருக்கிறது. அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கடந்த 20 ஆண்டு மின்தேவையை வைத்து மாதிரியைப் பொருத்தியிருக்கிறீர்கள். அந்தத் தரவின் பெரும்பகுதியில் மின்வாகனம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எனவே மாதிரி தரும் பிழை வரம்பு உண்மையான நிச்சயமின்மையைவிடக் குறுகலாகவே இருக்கும். மின்வாகனப் பரவலின் வேகத்தைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என மாற்றி ஓட்டி, வரும் வீச்சை அப்படியே காட்டுங்கள்.