ஃப்ளை கட்டுதல்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

ஃப்ளை ஃபிஷிங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் தூண்டில் முள்ளை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸும் கொஞ்சம் இறகும் வாங்கி, முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி ஃப்ளை கட்ட ஆரம்பித்தேன். வீடியோ பார்த்துத்தான் கற்கிறேன். நான் கட்டுவது எதுவும் பூச்சி மாதிரியே இல்லை. தலைப்பக்கம் நூல் குவிந்து முள்ளின் காது, அதாவது தூண்டில் நரம்பு கோக்கும் துளை, அடைத்துக்கொள்கிறது, இறகு அவிழ்ந்து வருகிறது. வாரம் ஒரு புது மாடல் முயன்றும் கை வரவில்லை. விலை கூடிய இறகு வாங்கினால் சரியாகுமா? காட்டுக்கோழி இறகு இல்லாமல் நல்ல ஃப்ளை கிடையாது என்கிறார்களே, உண்மையா?

க.

அன்புள்ள க.,

இறகை மாற்றிப் பயனில்லை, சிக்கல் நூலில் இருக்கிறது. காது அடைபடுவதற்குக் காரணம், முன்பக்கம் இடம் விடாமல் ஆரம்பிப்பது. காதின் நீளத்துக்கு அதன் பின்னால் தண்டை வெறுமையாக விட்டுவிட்டு முதல் சுற்றைப் போடுங்கள், கடைசி முடிச்சு வரை அந்த இடத்துக்குள் எதுவும் வரக்கூடாது. இறகு அவிழ்வது நூலை இறுக்கிப் பிடிக்காததால். நூலை வேண்டுமென்றே சிலமுறை அறுந்துபோகும்வரை இழுத்துப் பாருங்கள்; எங்கே அறுகிறது என்று விரலுக்குப் பிடிபட்டுவிட்டால் அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திக் கட்டலாம். வலக்கைக்காரர் என்றால், அவ்வப்போது நூல்கண்டு மாட்டிய பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழற்றுங்கள். முறுக்குப் பிரிந்து நூல் தட்டையாகப் படியும், குவியாது.

அப்புறம், வாரம் ஒரு மாடல் என்பதை விட்டுவிடுங்கள். ஒரே ஃப்ளையைத் திரும்பத் திரும்பக் கட்டினால்தான் கை பழகும். என்னைக் கேட்டால் ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையின் வால் இறகால் கட்டும், ஃப்ராங்க் சாயரின் ஃபெசன்ட் டெயில் நிம்ஃபைச் சொல்வேன். சாயர் தென் இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர், நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். மேஃப்ளை என்ற பூச்சியின் நிம்ஃப், அதாவது நீருக்குள் வாழும் இளம்பருவம், நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது என்பதைக் கவனித்து, தன் ஃப்ளைக்குக் காலே வைக்கவில்லை. நூலும் கிடையாது, மெல்லிய செம்புக் கம்பிதான். அதுவே கட்டுகிறது, அதுவே எடை கொடுத்து மூழ்கவும் வைக்கிறது. முள்ளின் தண்டு முழுக்கக் கம்பி சுற்றி, நெஞ்சுப் பகுதியில் மட்டும் கூடுதலாகச் சுற்றி ஒரு சிறு மேடு எழுப்ப வேண்டும். ஃபெசன்ட் சேவலின் வால் இறகிலிருந்து நாலு இழை எடுத்து, நுனி வாலாக நீட்டும்படி வளைவில் கட்டி, மீதியைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி முன்னோக்கிச் சுற்றிக்கொண்டு வந்தால் உடல் முடிந்தது. பிறகு கம்பியையும் இழைகளையும் பிரித்து, இழைகளை மேட்டின் மேல் முன்னும் பின்னுமாக மடித்துக் கட்டினால் இறக்கை உறை. அவ்வளவுதான். கம்பி நூல் மாதிரி தட்டையாகாது, தேவையில்லாத ஒவ்வொரு சுற்றும் அப்படியே துருத்திக்கொண்டு தெரியும். உங்களுக்கு இப்போது வேண்டிய பாடம் அதுதான்.

பூச்சி மாதிரி இல்லையே என்ற கவலை வேண்டாம். 1922-ல் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் என்ற மிதக்கும் ஃப்ளை, எந்த ஒரு பூச்சிக்கும் அச்சு அசல் நகல் இல்லை. சாம்பல் உடம்பு, பழுப்பும் சாம்பலும் கலந்த சேவல் இறகு. இன்றும் ட்ரவுட் மீன் பிடிப்பவர்களின் பெட்டியில் அது இருக்கிறது. மீன் கீழேயிருந்து பார்க்கிறது, மிதக்கும் ஃப்ளையில் அதற்குத் தெரிவது நிழலுருவும், இறகிழைகள் நீர்ப்பரப்பில் பதிக்கும் புள்ளிகளும். நீங்களோ பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுக்கப்பட்ட பூச்சிப் போட்டோக்களோடு ஒப்பிட்டு மனம் தளர்கிறீர்கள்.

காட்டுக்கோழி விஷயம் வேறு. தென்னிந்தியக் காடுகளில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு பூசினாற்போல் கெட்டியான பளபளப்புப் புள்ளி உண்டு, சால்மன் மீனுக்கான ஃப்ளைகளில் கண்ணாகவும் கன்னமாகவும் வைப்பார்கள். அழகு, மறுக்கவில்லை. ஆனால் முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் அட்லாண்டிக் சால்மன் பொதுவாக இரை தின்பதே இல்லை, ஆகவே அந்த வண்ணமெல்லாம் எந்தப் பூச்சியையும் காட்டுவதற்காக அல்ல. இந்த அலங்கார இறகுகளின் மேலுள்ள வெறி எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? 2009-ல் இங்கிலாந்தின் ட்ரிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடுபோயின. அறிவியலுக்காகப் பாதுகாக்கப்பட்ட பறவைகளை ஃப்ளை கட்ட ஒருவர் திருடினார் என்பதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

செலவு செய்தே ஆகவேண்டும் என்றால் பண்ணையில் வளர்த்த சேவலின் நல்ல கழுத்துத் தோல் ஒன்று வாங்குங்கள். ஆடம்ஸுக்கு ஆகும். இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தை, அதாவது தண்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு இருக்கிறதா என்று பார்த்து இறகைத் தேர்ந்தெடுங்கள்.