மாரத்தான் ஓடி நிதி திரட்டலாம், பணம் உங்கள் கணக்குக்கு வர வேண்டாம்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் 34 வயது வாசகர் கேட்கிறார்: "எங்கள் பக்கத்தில் உள்ள குழந்தைகள் இல்லத்துக்காக, ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழு 42 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ரூபாய் திரட்ட ஆசை. இப்போது 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவேன். ஆறு மாதம் போதுமா? பணத்தை என் ஜிபே எண்ணுக்கே அனுப்பச் சொல்லலாமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம்.

நான் ஆடிட்டர். பத்து வருடமாக ஓடவும் செய்கிறேன். இருந்தும் முதல் தடவை நிதி திரட்டியபோது இதே தப்பைச் செய்தேன். பெட்ரோலுக்குக் கொடுத்தது, சீட்டுப் பணம், நன்கொடை எல்லாம் ஒரே கணக்கில் கலந்து, பிரித்தெடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஒரு நண்பர் ரசீது கேட்டார். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

சட்டப்படியும் சிக்கல் உண்டு. சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் உங்கள் கணக்குக்கு வரும் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், மொத்தத்தையும் உங்கள் வருமானமாக வருமான வரித்துறை பார்க்கலாம். 'அது குழந்தைகளுக்கு' என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது. அதனால் இல்லத்தின் வங்கிக் கணக்கு, கியூஆர் கோடு இரண்டையும் வாங்கி, கொடுப்பவர்கள் நேராக அங்கேயே போடட்டும். 80ஜி என்று பழகிய பெயரில் சொல்கிறோமே, அந்த வரிச்சலுகைப் பதிவு இல்லத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு அது பயன்படும். கொடுப்பவரின் பான் எண் வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு எப்படியும் இல்லை, அவர்களிடம் அந்த ஆசையைக் காட்டாதீர்கள்.

துபாய், சிங்கப்பூரில் மச்சான் சித்தப்பா யாராவது இருப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இல்லாத இல்லம் அதைத் தொடவே கூடாது.

இல்லத்தைப் பற்றியும் ஒரு வேலை இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் தெரிந்துவிடும். நல்ல மனிதர்கள் நடத்துகிறார்கள் என்பது பதிவுக்கு ஈடாகாது. அப்புறம் உள்ளே போய் என்ன தேவை என்று கேளுங்கள். நீங்கள் சாப்பாடு என்று நினைத்திருப்பீர்கள். அவர்களுக்குக் கட்டிலோ, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் வாத்தியாரோ தேவைப்படலாம். 'குழந்தைகளுக்கு உதவுங்கள்' என்பதைவிட 'இத்தனை கட்டில், ஒன்று இவ்வளவு' என்றால் கை சீக்கிரம் பைக்குள் போகும்.

போட்டோ விஷயத்தில் கறாராக இருங்கள். அந்தப் பிள்ளைகளின் முகம், பெயர், பள்ளி எதையும் ஸ்டேட்டஸிலோ போஸ்டரிலோ போடக்கூடாது. அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. நீங்கள் திரட்டப் போகும் தொகையும் அதேதான்! உங்கள் வியர்த்த முகத்தைப் போடுங்கள், போதும்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி வரை ஓடுவது போல. ஐந்து கிலோமீட்டரிலிருந்து ஆறு மாதத்தில் அங்கே போனவர்கள் உண்டு. முட்டியைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஷிஃப்ட் வேலை பார்க்கும் உங்களுக்கு இந்த வருடம் பாதி மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர்தான் என் சிபாரிசு. நன்கொடை கிலோமீட்டர் கணக்கில் வருவதில்லை. உங்கள் முகத்துக்காகக் கொடுப்பவர் இருபத்தொன்றுக்கும் அதையேதான் கொடுப்பார்.

வாரம் நான்கு நாள் ஓடுங்கள். அதில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். ஆறு கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள், ஒவ்வொரு நான்காவது வாரமும் குறைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நடுவில் 18 வரை போனால் போதும், கடைசி இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்து இளைப்பாறல். கூட ஓடுபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக நீண்ட ஓட்டத்துக்குப் போகாதீர்கள், முதலில் தூக்கம். பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் வேண்டவே வேண்டாம், கே.ஆர்.பி. அணைப் பக்கம் விடிந்தபின் போங்கள், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். நெஞ்சுவலி, பிரஷர், வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு என்றால் முதலில் டாக்டர்.

சென்னைப் புழுக்கம் நம் ஊர்க் குளிருக்குப் பழகிய உடம்பை அசத்திவிடும். முதல் ஐந்து கிலோமீட்டர் வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி ஆபத்தாகும். ஓஆர்எஸ் கரைசலைப் பயிற்சியிலேயே குடித்துப் பழகுங்கள். களி நம் பலம்தான், ஆனால் முந்தின ராத்திரி வேண்டாம், நார் அதிகம். இட்லியோ சோறோ சாப்பிடுங்கள்.

பணம் கேட்பதில் ஃபார்வர்டு மெசேஜை நம்பாதீர்கள். முதல் பத்துப் பேருக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் கொடுத்தது தெரிந்தால்தான் குரூப் அசையும். மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டுப் போட்டு, யார் எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்பினார் என்று எழுதி, வாரம் ஒருமுறை இல்லத்தின் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். எனக்கு முதல் வாரத்திலும் ஓட்ட நாளன்றும்தான் அதிகம் வந்தது, நடுவில் காய்ந்துகிடந்தது, சோர்ந்துவிடாதீர்கள். பதிவுக் கட்டணம், பஸ், ஷூ, தங்குமிடம் எல்லாம் உங்கள் கைக்காசு. இதை முதல் மெசேஜிலேயே எழுதிவிட்டால், 'எங்க காசுல சென்னைக்கு டூரா?' என்று கேட்க யாருக்கும் வாய் வராது.