குட்டி ரயில் நகரத்தில் இரவு: படமெடுப்பவர்களின் கேள்விகள்

தெருவிளக்குகளைப் போட்டுப் படமெடுத்தால் விளக்கடியில் வெள்ளைத் திட்டு, மற்ற இடமெல்லாம் கும்மிருட்டு. கேமராவில் எதை மாற்றுவது?

கேமரா இருக்கட்டும், முதலில் விளக்குகளை மங்கலாக்குங்கள். இரவுப் படம் பெரும்பாலும் கெடுவது லேஅவுட்டில்தான், அதாவது ரயிலும் தெருவுமாக நாம் அமைத்த குட்டி நகரத்தில். எல்இடி 20 மில்லி ஆம்பியர் தாங்கும் என்பதற்காக அவ்வளவையும் கொடுத்துவிடுகிறோம். நிஜத்தில் 87-ல் ஒரு பங்காகச் சுருங்கிய எச்ஓ (HO) அளவுத் தெருவுக்கு 1 மில்லி ஆம்பியரே தாராளம். 12 வோல்ட் டிசி சப்ளையில், ஒரு வெள்ளை எல்இடிக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஏறக்குறைய அந்த அளவு வரும்.

அப்புறம் இருட்டு. நிஜ இரவில் வானத்திலிருந்து கொஞ்சம் வெளிச்சம் வந்துகொண்டேதான் இருக்கும். கூரை விளிம்பும் மரத்தின் உருவமும் தெரிவது அதனால்தான். மங்கலான நீல விளக்கு ஒன்றை அறையின் வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியைக் கூட்டினால் தெருவிளக்கு, நீல விளக்கு இரண்டின் வெளிச்சமும் சேர்ந்தே கூடும், ஆகவே இரண்டுக்கும் உள்ள விகிதத்தை லேஅவுட்டிலேயே சரிசெய்ய வேண்டும். முடியவில்லையா? முக்காலியை அசைக்காமல் நீல விளக்கில் ஒரு படம், தெருவிளக்கில் ஒரு படம் எடுத்து, கணினியில் 'லைட்டன்' முறையில் (ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சமானதையே எடுக்கும்) ஒன்றின்மேல் ஒன்றாகச் சேருங்கள்.

எஞ்சின் துல்லியமாக இருக்கிறது, பின்னால் ஸ்டேஷன் ஃபோகஸ் இல்லாமல் மங்குகிறது.

அந்த மங்கல்தான் 'இது பொம்மை' என்று காட்டிக்கொடுக்கிறது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடினால் திறப்பு சுருங்கி அதிக ஆழம் தெளியும்) எஃப் 11 அல்லது 16, முக்காலி, டைமர். எக்ஸ்போஷர் 10 வினாடிக்கு மேல் போனாலும் கவலை வேண்டாம், ரயில் நின்றால் போதும். எஃப் 22 வரை போகாதீர்கள், குறுகிய திறப்பின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுக்கவே மென்மையாகிவிடும். அதைவிட, எஃப் 8-ல் வைத்து ஃபோகஸை முன்னிருந்து பின்னாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து இணைப்பது நல்லது.

செல்போனைக் குறைவாக எண்ண வேண்டாம். சென்சார் சிறியது என்பதால் அதிக ஆழம் தெளிவாக விழும். லென்ஸ் கீழே வரும்படி தலைகீழாகப் பிடித்தால் தெருவில் நிற்கும் மனிதர்களின் கண்மட்டத்துக்கே இறங்கலாம். எச்ஓ மனிதரின் உயரம் 2 செ.மீ.தானே.

விளக்குகளில் நட்சத்திரக் கதிர் வரவேண்டும்.

எஃப் 16-ல் தானாக வரும். அபெர்ச்சர் இதழ்கள் 7 என்றால் 14 கதிர்கள், 8 என்றால் 8. எனக்கு இது பிடிப்பதில்லை. கதிர் விளக்குக் கம்பத்தைவிட நீளமாகி அளவு கெட்டுப்போகிறது.

வெள்ளை எல்இடி நீலமடிக்கிறதே?

பழைய காலத் தெரு என்றால் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; குறைந்தால் மஞ்சள்) வார்ம் ஒயிட் எல்இடி வாங்குங்கள். சோடியம் விளக்குக் காலம் என்றால் இன்னும் ஆரஞ்சாக. கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 3200 கெல்வினில் நிறுத்துங்கள். தெரு இதமாகவும் வானம் நீலமாகவும் நிற்கும்.

வீட்டுச் சுவரே ஒளிர்கிறது.

பிளாஸ்டிக் வழியே வெளிச்சம் கசிகிறது. உட்புறம் கறுப்பு பெயிண்ட், அதன்மேல் வெள்ளை. மூலைகளுக்குக் கறுப்பு டேப்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள குட்டி ரயில் கண்காட்சியான மினியாட்டூர் வுண்டர்லாண்ட் போகிறேன். அங்கே எப்படி எடுப்பது?

அங்கே சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரவு வரும். பகலிலேயே இடம் பிடித்து, முழங்கையை ஊன்றிக் கோணத்தை முடிவுசெய்துவிடுங்கள். முழு இருட்டுக்குக் காத்திருக்காதீர்கள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கி, மேலே நீல வெளிச்சம் அடங்குவதற்குள் எடுங்கள். ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள். தவறவிட்டால் அடுத்த இரவு சீக்கிரமே வந்துவிடும்.