வறுத்த பார்லிக்குப் பதிலாக பிளாக் மால்ட் போடலாமா?

ஸ்டவுட் பீர் காய்ச்ச வறுத்த பார்லி கிடைக்கவில்லை, அதே அளவு பிளாக் மால்ட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், நிறம் வந்துவிடும், ஆனால் சுவை வேறாகிவிடும், அதனால் அதே அளவு வேண்டாம்.

வறுத்த பார்லி முளைகட்டாத தானியம். நேரடியாக வறுப்பதால் காப்பிக்கொட்டையின் வாசனையும் வறண்ட கசப்பும் வரும். கின்னஸ் போன்ற அயர்லாந்து ஸ்டவுட்டின் அடையாளமே அதுதான். 20 லிட்டருக்கு மொத்தம் நாலரை கிலோ தானியம் என்றால் 400 கிராம் வரை தாராளமாகப் போடலாம்.

பிளாக் மால்ட், முளைகட்டி உலர்த்திய பார்லியைக் கரியாகும் நிலைக்குச் சற்று முன்வரை வறுத்தது. 1817இல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் இப்படி வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பிளாக் பேட்டண்ட் என்ற பெயர் அதனால் வந்தது. அதன்பிறகு போர்ட்டர் என்ற கருநிற பீரைக் காய்ச்சியவர்கள், வெளிர் மால்ட்டோடு இதைக் கொஞ்சம் சேர்த்தே கருநிறத்தைப் பெற முடிந்தது. ஆனால் அளவு கூடினால் சாம்பல் போல நாக்கில் உறுத்தும். 100 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பேன்.

சாக்லேட் மால்ட்டில் சாக்லேட் கிடையாது, நிறத்துக்காக வந்த பெயர். வறுப்பு குறைவு, அதனால் மென்மை அதிகம். உங்கள் நிலையில் நான் இதில் 300 கிராமும் பிளாக் மால்ட்டில் 100 கிராமும் கலப்பேன்.

அப்புறம், கருந்தானியங்கள் ஊறலின், அதாவது வெந்நீரில் ஊறும் தானியக் கலவையின், புளிப்பைக் கூட்டும். உங்கள் தண்ணீர் மென்னீர் (உப்புகள் குறைந்த நீர்) என்றால் அவற்றை ஊறலின் கடைசி 15 நிமிடத்தில் மட்டும் சேருங்கள்.